மணவறை ஏற்றிய பிக்கப்

போன கிழமை எங்கள் பாமன்கடை அடுக்குமாடிக்குக் கீழே ஒரு புது டபிள் கெப் பிக்கப் வந்து நின்றது. மூன்றாம் மாடியில் இருக்கிற பெடியன், வங்கியில் வேலை செய்கிறவன், வாங்கியிருக்கிறான். முன்னால் கறுப்புக் கம்பி வளையம், கூரையில் நாலு லைற், ஏறுவதற்குப் பக்கப்படி, பின்பெட்டியை மூட இழுத்துவிடுகிற மூடி. புது ரப்பரும் பெயின்ற்றும் வெயிலில் சூடாகி ஒரு மணம் எழும்பிக்கொண்டிருந்தது. சந்தையால் வந்த நான் மரக்கறிப் பையைச் சுவரோரம் வைத்துவிட்டு, சீலையை ஒதுக்கிக் குந்தி, பின்சில்லுக்கு உள்ளே எட்டிப் பார்த்தேன்.

“ஆன்ட்டி, என்னவும் விழுந்திட்டுதோ?”

“இல்லைத் தம்பி. ஸ்பிரிங்கில எத்தினை பிளேட் எண்டு பாக்கிறன்.”

அவனுக்கு விளங்கவில்லை. நான் எழும்பி, முழங்காலைத் தடவிக்கொண்டு, “இதில என்ன ஏத்தப் போறீர்?” என்று கேட்டேன்.

“ஏத்திறதோ?” சிரித்தான். “லீவுக்கு நுவரெலியா போவம் ஆன்ட்டி.”

அவனில் பிழையில்லை. பிக்கப் என்றால் பாரம் ஏற்ற என்று நினைக்கிறவள் நான்தான் பழைய ஆள். ஆனால் அந்தப் புது ரப்பர் மணம் என்னைப் படியேற விடவில்லை. நானும் ஒரு காலத்தில் ஒரு புது வண்டிக்குப் பக்கத்தில் இப்படித்தான் நின்றிருக்கிறேன், கொட்டாஞ்சேனையில், மஞ்சள் குங்குமம் பூசிய பொனற்றைப் பார்த்தபடி.

எங்களுக்கு வாடகைக்கு மணவறை கொடுக்கிற தொழில். இவர் யாழ்ப்பாணத்தில் வரைபடம் கீறுகிற உத்தியோகத்தில் இருந்தவர். இடம்பெயர்ந்து கொழும்புக்கு வந்த பிறகு வேலை கிடைக்கவில்லை. கை சும்மா இருக்காத மனுசன், ஒரு சொந்தக்காரப் பிள்ளையின் கலியாணத்துக்கு மணவறை ஒன்று கீறி, ஒரு தச்சரைப் பிடித்துச் செய்வித்தார். அதைப் பார்த்தவர்கள் கேட்டார்கள். பிறகு அதுவே சோறு போட்டது. (இவர் என்று நான் சொல்வது என் மனுசனைத்தான். இத்தனை வருசத்துக்குப் பிறகும் பெயர் சொல்ல வாய் வருகுதில்லை.)

அந்த நாட்களில் கொழும்பில் எத்தனை கலியாணம் என்று நீங்கள் நம்பமாட்டீர்கள். மாப்பிள்ளைகள் லண்டனில், கனடாவில், நோர்வேயில். அவர்களால் யாழ்ப்பாணம் போக முடியாது. பொம்பிளைகள் கப்பலில், பிளேனில், வன்னிப் பக்கத்தால் நடந்து என்று எப்படியோ கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தை லொட்ஜுகளில் தாயோடு மாதக்கணக்காகக் காத்திருப்பார்கள். மாப்பிள்ளைக்கு இரண்டு கிழமை லீவு. அதற்குள் பதிவு, கூறைச் சீலை, தாலி, விருந்து எல்லாம் முடிய வேண்டும். ஒரு நாள் பிந்தினால் முழுக் காரியமும் குழம்பும். அதனால் எங்கள் தொழிலில் ஒரே ஒரு சட்டம்தான்: மணவறை போய்ச் சேர வேண்டும்.

வெள்ளவத்தையில் ஒரு அறையும் குசினியும்தான் எங்கள் வீடு. அதற்குள் மணவறையை வைத்தால் நாங்கள் வெளியில் படுக்க வேண்டும். ஆகவே சாமான்களெல்லாம் கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய வீட்டின் முன்பகுதியில். கலியாண மண்டபங்களோ வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும். இரண்டுக்கும் நடுவில் காலி வீதி. காலி வீதியில் சோதனைச் சாவடிகள். வாடகை லொறிக்காரர்கள் இரண்டு தரம் வந்தார்கள். மூன்றாம் தரம், “ஐயோ, தமிழ்ச் சாமான் ஏத்தினா அரை நாள் ரோட்டிலதான்” என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள். அப்படித்தான் சொந்தப் பிக்கப் வந்தது. வெள்ளை நிறம். புத்தம் புதுசு. இவர் சீற்றின் பொலித்தீன் உறையைக் கழற்ற ஒரு மாதம் விடவில்லை. நாங்கள் இருவரும் அதில் உட்கார்ந்தால் சரசரவென்று சத்தம் கேட்கும், பலகாரப் பையில் ஏறி இருக்கிற மாதிரி.

முதல் ஏற்றத்திலேயே மானம் போனது. தேக்குத் தூண் நாலு, மேல் வளைவு, படி, இரட்டை ஆசனம், ஆள் உயர மயில்கள் இரண்டு, குத்துவிளக்குகள், சோடனை பல்புகள், கரண்ட் நின்றால் போட ஒரு ஜெனரேற்றர். அடுக்கி முடிய வண்டியின் பின்பக்கம் குந்திவிட்டது. முன்பக்கம் வானத்தைப் பார்த்தது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து மண்டபத்துக்கு இறங்குகிற ஒழுங்கையில் ஒரு பள்ளம். ‘டங்’ என்று அடியில் இரும்போடு இரும்பு முட்டியது. ஒரு தூணின் கழுத்து பிளந்தது. மல்லிகைச் சரத்தைச் சுற்றிச் சுற்றிக் கட்டி அதை மறைத்தோம். பொம்பிளையின் தகப்பன் வந்து பார்த்து, “இந்தத் தூணுக்கு மட்டும் என்ன விசேசம்?” என்று கேட்டார். இவர் கொஞ்சமும் தயங்காமல், “அது பொம்பிளை பக்கத் தூண்” என்றார்.

அடுத்த நாள் கொச்சிக்கடையில் பெனடிக்கின் கராஜுக்குப் போனோம். பெனடிக் துறைமுகத்து லொறிகளுக்கு அடிவேலை செய்கிறவர். எங்கள் வயதுதான் இருக்கும். வேதக் கோயில் பக்கமிருந்து மெழுகுதிரி மணமும், துறைமுகத்திலிருந்து உப்புக் காற்றும், கராஜிலிருந்து கிறீஸ் மணமும் ஒன்றாக வரும் அந்த இடத்தில். எனக்கு இன்றைக்கும் மெழுகுதிரி மணத்தால் சாமி நினைவு வருவதில்லை. ஷொக் அப்சோபர்தான் நினைவு வரும். சாமி மன்னிக்கட்டும்.

பெனடிக் வண்டிக்குக் கீழே படுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

“தங்கச்சி, கம்பெனிக்காரன் போட்ட ஸ்பிரிங் ஆபீஸ் போற ஆளுக்கு. நீங்க ஒரு கோயிலையே தூக்கிட்டுப் போறீங்க.”

“என்ன செய்யலாம்?” என்றார் இவர்.

“பக்கத்துக்கு ரெண்டு பிளேட் கூடப் போடணும். ஷொக்கை மாத்தணும். தூண் வைக்க மேல ஒரு ரெக் அடிக்கணும். வயர் சாமானுக்கு ஒரு இரும்புப் பெட்டி.”

“புது வண்டியில ஓட்டை போடப் போறீங்களோ?” இவரின் குரலைக் கேட்டால் பிள்ளைக்கு ஊசி போடக் கொண்டுவந்த தகப்பன் என்று நினைப்பீர்கள்.

போட்டார்கள். துளைக்கிற மெஷின் பெயின்ற்றைத் தொட்டபோது இவர் வெளியே போய் நின்று கடலைப் பார்த்தார். நான் நின்று பார்த்தேன். பாயைப் போலச் சுருண்டு விழுந்த இரும்புத் துருவல் அழகாகத்தான் இருந்தது.

ஏற்றினால் வண்டி இனிக் குந்தவில்லை. ஆனால் வெறுமையாகப் போகும்போது பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. சின்னக் கல்லில் ஏறினாலும் ஆட்டுக்குட்டி மாதிரித் துள்ளியது. எங்களுக்கு அது சிரிப்பு. சோதனைச் சாவடிக்கு அது சிரிப்பில்லை. பின்பக்கம் இவ்வளவு உயர்ந்திருக்கிறதே, இவ்வளவு பலமாக ஸ்பிரிங் போட்டு எதை ஏற்றுகிறாய், எங்கே இறக்கிவிட்டு வருகிறாய் என்று கேட்பார்கள். இவர் சிங்களத்தில் பதில் சொல்லத் தொடங்குவார். பயத்தில் இவரின் சிங்களம் பாதியில் தமிழாகிவிடும்.

ஒரு வியாழக்கிழமை காலமை இவர் சாமானோடு வந்தார். கூட, ஏற்றி இறக்க வருகிற மரியதாஸ், துறைமுகத்தில் வேலையில்லாத நாட்களில் எங்களோடு வருகிற திடகாத்திரமான மனுசன். வழியில் மறித்தார்கள். இரும்புப் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். பூட்டின் திறப்பு கொட்டாஞ்சேனையில், சாமி படத்துக்குப் பின்னால். பூட்டை உடைத்தார்கள். உள்ளே என்ன? வயர்ச் சுருள், பற்றரி இரண்டு, பைப் துண்டுகள், சிவப்பும் பச்சையுமாய்ச் சின்ன பல்புகள். கலியாணச் சோடனைதான். ஆனால் அந்த நாட்களில் ஒரு தமிழனின் பூட்டிய பெட்டிக்குள் வயரும் பற்றரியும் பைப்பும் இருந்தால், அதைச் சோடனை என்று யார் நினைப்பார்?

மரியதாஸ் ஓடிவந்து சொல்ல, நான் பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். இவர் ஒரு நீள மர வாங்கில் இருந்தார். முகத்தில் அடியில்லை. முதலில் அதைத்தான் பார்த்தேன். வண்டி முற்றத்தில் நின்றது, சாமான் குலைந்தபடி. மத்தியானம் தாண்டி ஒரு அதிகாரி வந்து, கையில் வைத்திருந்த கடதாசியைப் பார்த்தபடியே சொன்னார்: வண்டியைக் கொண்டு போகலாம், ஆள் விசாரணைக்கு இருக்க வேண்டும்.

நான் இவரைப் பார்த்தேன். “நான் இஞ்சை நிக்கிறன். உங்களை விட்டிட்டுப் போகமாட்டன்.”

“நீர் நிண்டு என்ன செய்யப் போறீர்? நாளைக்குக் காலமை முகூர்த்தம். அந்தப் பிள்ளை அஞ்சு மாசமா லொட்ஜில இருக்குது. போம்.”

“ஆர் ஓடுறது?”

“உம்மட்டை லைசன்ஸ் இருக்குதெல்லே.”

இருந்தது. ஒரு வருசத்துக்கு முன்னால், இவரின் வற்புறுத்தலால் எடுத்தது. எடுத்த நாளிலிருந்து அது அலுமாரிக்குள் என் கலியாணக் கூறைக்குக் கீழே பத்திரமாக இருந்தது. நான் ஓட்டிப் பழகியது ஒரு சின்னக் கார். என் உயரம் நாலடி பதினொரு அங்குலம், செருப்போடு. மரியதாஸை அனுப்பி லைசன்சை எடுப்பித்தேன். பிக்கப்பில் ஏறியிருந்தால் கிளச் காலுக்கு எட்டவில்லை. மணவறை ஆசனத்தின் சிவப்பு வெல்வெற் மெத்தையை எடுத்து முதுகுக்கு வைத்தேன். எட்டியது. மரியதாஸ் பின்னால் ஏறித் தூண்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

இப்போது நினைத்தால் சிரிப்புத்தான். காலி வீதி முழுக்க முதல் கியரும் இரண்டாம் கியரும். பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடிக்கிறான், முச்சக்கரவண்டிக்காரன் எட்டிப் பார்த்து ஏதோ சொல்கிறான். அன்றைக்கு ஒன்றும் காதில் விழவில்லை. வாய்க்குள் ஒரே ஒரு சொல்லைத்தான் சொல்லிக்கொண்டு போனேன். “போய்ச் சேரவேணும், போய்ச் சேரவேணும்.” வழியில் ஒரு சாவடியில் மறித்தார்கள். கண்ணாடிக்குள் குனிந்து பார்த்த ஆமிக்காரன் முதலில் என்னைப் பார்த்தான், பிறகு வெல்வெற் மெத்தையைப் பார்த்தான். “நோனாத எலவன்னே?” அம்மாவா ஓட்டுறது என்று கேட்டுவிட்டு, கையைக் காட்டிப் போகவிட்டான்.

மணவறை போய்ச் சேர்ந்தது. அடுத்த நாள் தாலி கட்டினார்கள். இவரை மூன்றாம் நாள் விட்டார்கள். தாடியோடு வாசலில் நின்று இவர் கேட்ட முதல் கேள்வி, “தூணெல்லாம் ஒழுங்கோ?” என்பதுதான். பிறகு குளித்துச் சாப்பிட்டார். அந்த மூன்று நாளைப் பற்றி இவர் என்னிடம் ஒருநாளும் கதைக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆனால் ஒன்றைச் சொன்னேன். “இனி நான்தான் ஓடுவன்.”

“என்ன விசர்க்கதை?”

“உங்களை மறிச்சா மூண்டு நாள். என்னை மறிச்சா மூண்டு நிமிசம். நான்தான் ஓடுவன்.”

அடுத்த கிழமை பிக்கப்பைப் பெனடிக்கிடம் நானே கொண்டுபோனேன். இவர் பக்கத்துச் சீற்றில், கதவுக் கைபிடியை இறுக்கிப் பிடித்தபடி. என்ன வேண்டும் என்பதை நான் ஒரு கொப்பித் தாளில் எழுதி வைத்திருந்தேன். இவர் அதைப் படமாகக் கீறித் தந்திருந்தார்.

முதலாவது, பெட்டி. “மூடியை வெட்டுங்கோ. பக்கங்களையும் வெட்டுங்கோ. கம்பி வலை அடியுங்கோ. உள்ள இருக்கிறது ரோட்டில நிண்டு பாக்கத் தெரியவேணும்.”

“பூட்டு?”

“பூட்டு வேண்டாம்.”

பெனடிக் தலையைச் சொறிந்தார். “களவு போகுமே தங்கச்சி?”

“போகட்டும் அண்ணை. பல்புதானே.”

இரண்டாவது, ஸ்பிரிங். கூடப் போட்ட பிளேட்டுகளைக் கழற்றி, அதற்குப் பதிலாக மேலே தனியாக ஒரு அடுக்கு. வெறும் வண்டியில் அது எதையும் தொடாமல் சும்மா நிற்கும். பாரம் ஏறி வண்டி இறங்கினால்தான் அச்சோடு சேர்ந்து தாங்கத் தொடங்கும். துறைமுகத்து லொறி ஒன்றில் அப்படிப் பார்த்ததாக மரியதாஸ் சொல்லியிருந்தார். பெனடிக் இரண்டு நாள் மினைக்கெட்டு, மூன்று தரம் கழற்றிப் பூட்டி, அளவெடுத்தார். முடிவில் வெறும் வண்டி தட்டையாக, சாதுவாக, ஆபீசுக்குப் போகிற வண்டி மாதிரி நின்றது.

மூன்றாவது, பின்பெட்டிக்கு மேலே படங்கு, தடித்த தார்ப்பாய். ஆணியும் முடிச்சும் இல்லாமல், இரண்டு வாரை இழுத்தால் முழுப் படங்கும் சுருண்டு மேலே போகிற மாதிரி. நாலாவது, கிளச்சில் ஒரு மரக்கட்டை. வெல்வெற் மெத்தை மாப்பிள்ளைக்குப் போகட்டும் என்று நினைத்தேன்.

சாமான்களை எப்படி அடுக்குவது என்பதும் மாறியது. ஒவ்வொரு பெட்டியிலும் உள்ளே என்ன இருக்கிறதென்று சிங்களத்தில் பெயின்ற்றால் எழுதினோம். மயில்கள் இரண்டையும் ஆகக் கடைசியில், பின்கதவைத் திறந்தால் முகத்துக்கு நேரே வருகிற மாதிரி வைத்தோம். அது என் யோசனை. துவக்கோடு வருகிற மனுசனை முதலில் ஒரு மயில் பார்க்கட்டும் என்பதுதான். நீலக் கழுத்து, கண்ணாடிக் கண். பல பேர் அந்த மயிலைக் கண்டு ஒரு கணம் சிரித்திருக்கிறார்கள். அந்த ஒரு கணம் எங்களுக்குப் போதும்.

அப்படியே வருசங்கள் ஓடின. பெரிய சோதனை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. சனிக்கிழமை நகரத்தில் குண்டு வெடித்து வீதிகளை மூடிவிட்டார்கள். வழக்கமாக முதல் நாளே கொண்டுபோய்ப் பொருத்திப் பூட்டுகிற மணவறையை அன்று கொண்டுபோக முடியவில்லை. ஞாயிறு விடியத் திறந்தார்கள். முகூர்த்தம் பத்தரைக்கு. மாப்பிள்ளைக்குத் திங்கள் பிளேன். இவர் வரவேண்டாம் என்று நான் மறித்துவிட்டேன். மரியதாஸும் நானும் புறப்பட்டோம்.

கொள்ளுப்பிட்டி தாண்டி மறித்தார்கள். இருபது வயது இருக்குமோ என்னவோ, மெலிந்த ஆமிக்காரன். கண் சிவந்திருந்தது, நித்திரை கொண்டிருக்கமாட்டான். மயிலைப் பார்த்தும் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் இறக்கச் சொன்னான். இறக்கினோம். பைப்புகளைக் காட்டி, “மே மொனவத?” என்றான். இது என்ன?

“அப்பே பொருவ, மல்லி.” எங்கள் பொருவ, தம்பி. சிங்களக் கலியாணத்தில் பொம்பிளை மாப்பிள்ளை ஏறி நிற்கிற மேடைக்குப் பொருவ என்று பெயர்.

அவன் பைப்பைப் பார்த்தான், வயரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “ஹதலா பென்னன்ன.”

செய்து காட்டு.

மரியதாஸ் என் முகத்தைப் பார்த்தார். எனக்கு ஒரு பக்கம் அழுகை, மறுபக்கம் கோபம். அவன் பகிடிக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே பயந்துபோய்ச் சொல்கிறான் என்பது தெரிந்தது. சீலையைத் தூக்கிச் சொருகினேன்.

“பிடியுங்கோ மரியதாஸ்.”

காலி வீதி நடைபாதையில் மணவறையைப் பூட்டத் தொடங்கினோம். படி. நாலு தூண். குறுக்குப் பைப்புகள். மேல் வளைவைத் தூக்க ஆள் காணாது; நான் பிக்கப்பின் ரெக்கில் ஏறி நின்று பிடித்தேன். பஸ்கள் மெதுவாகப் போயின. ஜன்னல் முழுக்க முகங்கள். ஆசனத்தை வைத்து, இரண்டு பக்கமும் மயிலை வைத்து, பற்றரியில் வயரைக் கொழுவினேன். பகல் வெளிச்சத்தில் சிவப்பும் பச்சையுமாய்ப் பல்புகள் எரிந்தன. கால் மணித்தியாலம்கூட ஆகியிருக்காது. பெனடிக்கின் வேலை அப்படி. ஒவ்வொன்றும் இழுத்தவுடன் வந்தது.

அந்தப் பெடியன் துவக்கைத் தோளில் மாட்டியபடி வெறும் ஆசனத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். முகம் மாறியது. “ஹரி அக்கே,” சரி அக்கா என்றான், சத்தமில்லாமல். பிறகு அவனே ஒரு தூணின் மறுமுனையைப் பிடித்து ஏற்றிவிட்டான்.

மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்தாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் வாசலில் நின்று சத்தம் போடுகிறார்கள். தூக்க ஆளில்லை, பந்திக்காரர்கூட வந்து சேரவில்லை. மாடியிலிருந்து பொம்பிளை இறங்கி வந்தாள். தலை அலங்காரம் பாதி முடிந்திருந்தது, உடம்பில் ஹவுஸ்கோட். நேரே வந்து ஒரு தூணின் அடியைப் பிடித்தாள்.

தாய் பின்னால் ஓடிவந்து கத்தினாள். “எடியே, கலியாணப் பொம்பிளை பாரம் தூக்கிறதோ!”

“அம்மா, நான் தாண்டிக்குளச் சாவடியால ரெண்டு மூட்டையோட நடந்து வந்தனான். இது என்ன பாரம்?”

எனக்கும் அவளுக்கும் நடுவில் அந்தத் தூண் போனது. படிகளில் ஏறும்போது அவள் மூச்சு வாங்கியது கேட்டது. வைத்துவிட்டு அடுத்ததுக்குத் திரும்பினாள். பத்தரைக்குச் சரியாகத் தாலி ஏறியது. கெட்டிமேளம் கேட்டபோது நான் வாசலில் பிக்கப்பின் பின்கதவில் சாய்ந்து நின்று, யாரோ தந்த சோடாவைக் குடித்துக்கொண்டிருந்தேன். சோடாப் போத்தலின் வாய் பல்லில் தட்டுப்பட்டுக்கொண்டே இருந்தது.

பிறகு சண்டை முடிந்தது. சாவடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். முதல் மாதமே இவர் ஸ்ரியறிங்குக்கு வந்துவிட்டார். “இனி நீர் ஆறுதலா இரும்” என்றார் அன்பாக. நானும் இருந்தேன். பக்கத்துச் சீற்றில் இருந்தால் ரோட்டு வேறுமாதிரித் தெரிகிறது. அதைப் பழக எனக்குக் கனகாலம் எடுத்தது. நாடே மூச்சுவிட்ட நேரத்தில் ஒருத்திக்கு வண்டியோட்டம் போனதென்று துக்கப்பட்டால் யாருக்குச் சொல்வது? உங்களுக்குச் சொல்கிறேன்.

கலியாணங்களும் போய்விட்டன. மாப்பிள்ளைகள் இப்போது ஊருக்கே போகிறார்கள், அல்லது பொம்பிளைகள் அங்கே போகிறார்கள். லொட்ஜுகள் இருந்த இடத்தில் கண்ணாடி வைத்த மாடிகள். மணவறை இப்போது பூவும் ஸ்பொஞ்சுமாம். ஒரு ஆள் தோளில் தூக்கிப் போகலாமாம். பிக்கப்பை நீர்கொழும்பில் ஒரு மீன் வியாபாரி வாங்கிக்கொண்டு போனார். பெனடிக் பிள்ளைகளோடு இத்தாலிக்குப் போனார். இவர் கண்ணை மூடி ஆறு வருசம்.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் எத்தனையோ வீட்டு அல்பங்களில் எங்கள் மணவறை இருக்கும். தூண், மயில், பல்பு எல்லாம் இருக்கும். அந்த வண்டியின் படம் மட்டும் ஒருவரிடமும் இல்லை. என்னிடமும் இல்லை. அந்த நாட்களில் கொழும்புத் தெருவில் நின்று ஒரு வண்டியைப் படம் பிடிக்க எங்களில் யாருக்குத் துணிவு இருந்தது?